புள்ளி ஹெச் போன கதை

கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் வந்தது. சில வருசத்தில் பள்ளிக்கூடப் பொட்டிகள் லினக்ஸுக்கு மாறின. மூணாறு தமிழ் மீடியப் பிள்ளைகள் பழகியதும் அதுதான். மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், புத்தகத்தில் டாஸ் காலத்து டர்போ சி++! அதிலுள்ள ஐஓஸ்ட்ரீம்.ஹெச் நிரலை லினக்ஸில் கம்பைல் செய்தால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று எர்ரர்.

கோளாறு லினக்ஸில் இல்லை மக்களே. 1998-லேயே ஐஎஸ்ஓ தரம் அந்த '.ஹெச்'சைக் கைவிட்டது. எச்சரித்துப் பார்த்த ஜிசிசி, 2008-ல் வந்த 4.3-ல் ஃபைலையே தூக்கிவிட்டது. தமிழ்நாட்டு பிளஸ் டூ புத்தகமோ 2019-ல் பைத்தானுக்கு மாறும்வரை பழசையே சொன்னது.

மருந்து சுலபம்: '.ஹெச்'சை வெட்டுங்க, 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' சேருங்க, வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்க. டாஸுக்கே உரிய கோனியோ.ஹெச் வகையறா வேண்டாம்.

'எனக்கு கோடிங் வராது' என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்க வேண்டியதில்லை. பின்தங்கியது புத்தகம்தான்.