எந்த ஆண்டின் கோச்சி?

எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு ஒட்டுப்பலகை. அதன்மேல் ஓட்டமாவடிப் பழைய பாலத்தையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தண்டவாளத்தையும் சின்னதாகச் செய்து, கலைப்பீடக் கண்காட்சியில் வைப்பது என்று நாங்கள் ஐந்து பேர் முடிவெடுத்தோம். அட்டை, ஐஸ்கிறீம் குச்சி, பசை, கொஞ்சம் பெயின்ற். தண்டவாளம் மட்டும் ரெடிமேட். அதையும் கொழும்பில் இருக்கும் ஒரு நண்பன் வாங்கி அனுப்பினான்.

முதல் நாளே எங்களில் ஒருத்தி கேட்டாள்: "சரி, இது எந்த வருஷத்துப் பாலம்?"

சின்னக் கேள்வி என்றுதான் நினைத்தோம். அதற்குப் பதில் தேடவே மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையில் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

மாதிரி ரயில் செய்வது மேற்கில் நூறாண்டுக்கு மேற்பட்ட பொழுதுபோக்கு. ஜெர்மனியின் மார்க்லின் கம்பனி 1891இல் பொம்மைத் தண்டவாளங்களுக்குச் சீரான அகலங்களை வகுத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோர்ன்பி 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களைக் கொண்டு வந்தார். 1934 ஜனவரியில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் அல் கல்ம்பாக் என்பவர் 'மொடல் ரெயில்ரோடர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே நகரில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் தேசியச் சங்கம் உருவானது. இந்தியாவில் புனே நகரில் பாவு ஜோஷி என்ற தனி மனிதரின் ஆசை, 1998இல் ஒரு சிறு ரயில் அருங்காட்சியகமாகவே திறக்கப்பட்டது.

இவர்களுக்குப் படம் ஏன் முக்கியம்? ஒருவர் இருபது வருஷம் இருந்து கட்டிய ரயில் உலகம் அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் கிடக்கும். தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாது. மற்றவர்கள் பார்ப்பதற்கு ஒரே வழி படம். பார்க்கிறவர்களும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இல்லை. "இந்த எஞ்சின் வந்த வருஷத்தில் இந்தச் சிக்னல் கிடையாது", "பெட்டியின் நிறம் பிழை" என்று திருத்துவார்கள். படம் அனுப்புவது என்பது பரீட்சைத் தாளைக் கொடுப்பது மாதிரி.

ஜோன் அலன் என்ற ஒருவரின் கதையை வாசித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரத்தவர். தொழிலால் புகைப்படக்காரர். 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று, இரத்தக்களரியும் தோல்வியும் என ஒலிக்கும் பகிடிப் பெயரில், மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக ஒரு ரயில் உலகத்தைப் பல வருஷங்களாகக் கட்டினார். 1973 ஜனவரி 6ஆம் திகதி இறந்தார். சில நாட்களில் அந்த வீடு தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் அந்தத் துறையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. காரணம், அவர் எடுத்து இதழ்களுக்குக் கொடுத்த படங்கள். பொருள் எரிந்துவிட்டது, பகிர்ந்தது மிஞ்சியது.

இனி எங்கள் பலகைக்கு வருவோம்.

முதல் சிக்கல் கணக்கில் வந்தது. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 1:87 அளவுக்கானது. அதன் அகலம் 16.5 மில்லிமீற்றர். 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் பாதையின் அகலம். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். அதாவது அந்தத் தண்டவாளத்தை அப்படியே ஒட்டினால் எங்கள் பாதை கிட்டத்தட்ட 24 சென்ரிமீற்றர் ஒடுங்கிவிடும். பிரித்து, இடையைக் கூட்டி, ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாக நாங்களே ஒட்டினோம். எங்களுக்கென்று யாரும் அச்சு வார்த்து வைக்கவில்லை என்பது அப்போது விரல் நுனியில் பசையோடு விளங்கியது.

இரண்டாவது, நீளம். கொழும்புக் கோட்டையில் இருந்து மட்டக்களப்பு சுமார் 348 கிலோமீற்றர். அதை 1:87இல் செய்தால் 4 கிலோமீற்றர் பலகை வேண்டும். ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்தே ஆக வேண்டும். வரலாறு எழுதுவதும் இதுதானே.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: வருஷம்.

1928 என்று வைக்கலாமா? மாகோவில் பிரிந்து, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாகப் பாதை மட்டக்களப்பைத் தொட்ட ஆண்டு. மகாவலியைக் கடக்க மன்னம்பிட்டியில் ஒரு இரும்புப் பாலம். வாழைச்சேனை ஆற்றைக் கடக்க ஓட்டமாவடியில் ஒன்று. இரண்டிலும் கோச்சியும் வாகனங்களும் ஒரே பாலத்தில்தான் போய்வந்தன. அந்த இருபதுகளில் புணானைக் காடு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி: ஆட்களைக் கொன்று தின்ற ஒரு சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகார் என்பவர் அங்கே சுட்டார். காடு வெட்டி, மண் கொட்டி, பாலம் போட்டவர்களின் பெயர் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. சுட்டவரின் பெயர் கிடைக்கிறது.

1956 என்று வைக்கலாமா? வாழைச்சேனைக் கடதாசி ஆலை வந்த ஆண்டு. வைக்கோலில் இருந்து கடதாசி, ஊருக்கு வேலை. டீசல் எஞ்சின்களும் அந்த நேரம்தான் வந்தன. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம் 2 எஞ்சின்களுக்கு 'அல்பேர்ட்டா', 'சஸ்காட்சவான்' என்று கனடிய மாகாணங்களின் பெயர். செய்து வைத்தால் வடிவாக இருக்கும். அமெரிக்கர்களும் பெரும்பாலும் ஐம்பதுகளைத்தான் தெரிவு செய்வார்களாம்: நீராவியும் டீசலும் சேர்ந்து ஓடிய, வெயில் அடிக்கும் காலம். ஆனால் எங்களுடைய 1956இல் தனிச் சிங்களச் சட்டம் இருக்கிறது. அதே ஜூன் மாதத்தில் கல்லோயாக் குடியேற்றத்தில் (கோச்சிச் சந்தி அல்ல, அம்பாறைப் பக்கம்) தமிழர் கொல்லப்பட்டதும் இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வன்முறை இந்தப் பாதைக்கே வந்தது. 1958 மே 22 இரவு, தமிழரசுக் கட்சியின் வவுனியா மாநாட்டுக்குப் போகிறவர்கள் வருகிறார்கள் என்று பொலன்னறுவை ஸ்டேசனில் ஒரு கும்பல் கோச்சியைத் தாக்கியது. அடுத்த இரவு ஏறாவூருக்குக் கிட்ட, மட்டக்களப்பில் இருந்து போன கோச்சி தடம் புரட்டப்பட்டு ஆட்கள் செத்தார்கள். நாடு முழுக்கப் பரவிய கலவரத்தின் தொடக்க இரவுகள் நாங்கள் லீவுக்கு வீட்டுக்குப் போகும் இதே பாதையில்தான் நடந்தன. இதைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் படிக்கவில்லை.

1978 என்றால் நவம்பர் 23 சூறாவளி. 1990 என்றால் அந்த ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், செப்டெம்பர் 5ஆம் திகதி எங்கள் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாததும்.

வெயில் மட்டும் அடிக்கும் ஒரு வருஷம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பழைய படங்களைப் பார்த்துச் செய்வோம் என்று வீடு வீடாகக் கேட்டோம். கலியாணப் படம் இருந்தது, பூப்பு நீராட்டுப் படம் இருந்தது. பாலம் இல்லை. சூறாவளியில் ஓடு பறந்தபோது அல்பம் நனைந்து ஒட்டிப்போனது என்றார்கள். இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடினோம் என்றார்கள். ஓட்டமாவடியில் எங்கள் நண்பனின் மூத்தவாப்பா சிரித்தார்: "கெமராவா? ஐடென்டிக் கார்ட்டைக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் பாலத்தால நடந்த நாங்க. அதுக்குள்ள கெமரா வேற!"

கடைசியில் வழியை அந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடமே கற்றோம். அவர்களில் சிலர் பலகையை மாற்றாமல், மேலே நிற்கும் வாகனங்களையும் பலகைகளையும் மட்டும் மாற்றிக் காலத்தை மாற்றுவார்கள். நாங்களும் பாலத்தை அப்படியே வைத்து மூன்று படம் எடுத்தோம். முதலாவது 1928: நீராவிக் கோச்சி, கரையில் மாட்டுவண்டி. இரண்டாவது 1958: இரவு, விளக்கணைந்து நிற்கும் கோச்சி. தடம் புரண்டதைக் காட்ட மனம் வரவில்லை. ஆனால் பொலன்னறுவை இரவையும் ஏறாவூர் இரவையும் கீழே ஒன்றாக எழுத வேண்டும் என்பதில் ஐந்து பேரும் ஒரே முடிவு. மூன்றாவது தொண்ணூறுகள்: மண்மூட்டை, தண்டவாளத்துக்குள் புல், இரண்டு ஆடு. கோச்சி இல்லை. போர்க்காலத்தில் கோச்சி மட்டக்களப்புக்கு வராமல் வழியிலேயே நின்ற வருஷங்கள் இருந்தன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் அது ஊருக்குத் திரும்பியது.

மூன்று படத்தையும் தெரிந்தவர்களுக்கு அனுப்பினோம். திருத்தங்கள் வந்தன. புகையிரதத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா போனில் பிடித்துப் பேசினார்: "மனே, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கேற்றை விட்டிட்டீங்களே! கோச்சி வந்தா பஸ் எங்க நிக்கும்?" அடுத்த நாளே கேற் போட்டோம். முதல் படத்தை எல்லோரும் 'வடிவு' என்றார்கள். இரண்டாவதுக்குப் பலர் பதிலே போடவில்லை. மூன்றாவதைப் பார்த்து எங்கள் வயதுப் பிள்ளைகள் "கோச்சி எங்க?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்கவில்லை. "இதுதான் நான் பார்த்த பாதை," என்றா. "உன்னைப் பெத்துக்குப் பிறகுதான் நான் இதில கோச்சி ஓடக் கண்டன்."

அந்தத் தாய்க்கு அந்தக் காலத்தின் படம் ஒன்றும் இல்லை. அட்டையில் செய்த பொய்ப் பாலத்தின் படம்தான் அதைச் சொல்ல வைத்தது. படத்தில் பிழை இருந்தால் திருத்துவதற்கு ஒருவர் வாய் திறக்கிறார். சரியாக இருந்தாலும் ஒருவர் திறக்கிறார். நாங்கள் தேடிப்போனது ஆவணத்தை. எங்களுக்கு வந்தது பேச்சு. அதைத் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

கண்காட்சி முடிந்து பலகையை விறாந்தையில் சாத்தி வைத்தோம். மாரி மழைக்குச் சாரல் அடித்து அட்டை ஊதிவிட்டது. பாலம் நடுவில் இறங்கிக் கிடக்கிறது. மூன்று படமும் இருக்கின்றன.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அல்பம் இருந்தால் ஒருக்கால் பாருங்கள். ஆட்களுக்குப் பின்னால், ஓரத்தில், மங்கலாக ஒரு கோச்சியோ பாலமோ ஸ்டேசன் பெயர்ப்பலகையோ தெரியலாம். பின்பக்கத்தில் வருஷம் இருந்தால் குறித்து வையுங்கள். இல்லையென்றால் படத்தில் இருப்பவரிடம், அவர் இருக்கும்போதே, கேளுங்கள்.