கண்ணாடியைக் கழட்டின கதை

விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற வழியில மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். ஏழாம் நூற்றாண்டோட தொடக்கத்துல மகேந்திரவர்ம பல்லவர் அங்கே ஒரு பாறையைக் குடைஞ்சு கோயில் எடுத்தார். அங்க இருக்கிற கல்வெட்டுல, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம மும்மூர்த்திகளுக்கும் கோயில் செஞ்சதா பெருமையா வெட்டி வெச்சிருக்கார். விசித்திரசித்தன்னு பட்டப்பேர் வேற.

என்னத்தையெல்லாம் சேர்த்தேன்னு பீத்திக்கிற ராஜாக்கள் நிறைய. எதெல்லாம் இல்லாம செஞ்சேன்னு சொன்னதாலேயே இவர் மேல எனக்கு ஒரு தனிப் பிரியம். நாம பொட்டி தட்டுற தொழில்லயும் அப்படித்தானே? ஆயிரம் வரியைத் தூக்கிட்டு ப்ரோகிராம் அதே வேலையைச் செஞ்சா அன்னிக்கு டீ கூட ருசியா இருக்கும் :)

சரி, மேட்டருக்கு வர்றேன். 2008-ல ஜப்பான் காமிரா கம்பெனிகளும் இப்படி ஒரு 'இல்லாம' பெருமையை ஆரம்பிச்சாங்க. கண்ணாடி இல்லாத காமிரா, அதாவது மிரர்லெஸ். முதல் காமிரா வாங்கப் போறவன் பழைய மாடலை வாங்கலாமா, புதுசு வாங்கலாமாங்கிற கேள்விக்கு இந்த வரலாறு தெரியாம பதில் சொல்ல முடியாது. கேள்வி எங்க வீட்டுக்குள்ளேயே வந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

கண்ணாடி எதுக்கு இருந்துச்சு?

எஸ்.எல்.ஆர். காமிராவுல லென்ஸுக்குப் பின்னாடி 45 டிகிரி சாய்வா ஒரு கண்ணாடி இருக்கும். வர்ற வெளிச்சத்தை அது மேல திருப்பிவிடும். நாம கண்ணை வெச்சுப் பார்க்கிறது அந்த வெளிச்சத்தைத்தான். பட்டனை அமுக்கினா கண்ணாடி மேல தூக்கிக்கும், ஃபிலிம்லயோ சென்சார்லயோ வெளிச்சம் விழும். அந்த 'சடக்' சத்தத்துல பாதி கண்ணாடியோடதுதான்.

ஆட்டோஃபோகஸ் வந்ததுக்கு அப்புறம் அதுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துச்சு. பெரிய கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கண்ணாடி, கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே இருக்கிற ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகரணும்னு அது ஒரே பார்வையில கணக்குப் போட்டுச் சொல்லிடும்.

வேடிக்கை என்னன்னா, நம்ம ஊர்ல முதல் காமிராவா வீட்டுக்குள்ள வந்ததுல பெரும்பாலும் கண்ணாடியே கிடையாது. பரோடாவுல தயாரான அக்ஃபா கிளிக் 3, எண்பதுகள்ல விளம்பரத்தால பேர் வாங்கின ஹாட் ஷாட், அப்புறம் கோடாக் கேபி10. எல்லாத்துலயும் லென்ஸ் ஒரு பக்கம், எட்டிப் பார்க்கிற ஓட்டை இன்னொரு பக்கம். கண்ணாடி வெச்சதுன்னா ஸ்டூடியோக்காரர் கழுத்துல தொங்குற 'பெரிய காமிரா'.

கழட்டினாங்க, மாட்டிக்கிட்டாங்க

2008 ஆகஸ்ட்ல ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ங்கிற முறையை அறிவிச்சாங்க. அடுத்த மாசமே பானாசோனிக் ஜி1 வந்துச்சு. 12 மெகாபிக்சல், கண்ணாடிக்குப் பதிலா எலக்ட்ரானிக் வியூஃபைண்டர். ஆனா வீடியோ எடுக்க வராது! அதே ஆகஸ்ட்ல நிக்கான் விட்ட டி90-தான் வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடி இருக்கிறதுல வீடியோ வருது, இல்லாததுல வரலை. வரலாறு நேர்கோட்டுல போகாதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

2009-ல ஒலிம்பஸ் இ-பி1, 2010-ல சாம்சங் என்எக்ஸ்10, சோனி நெக்ஸ்-3, நெக்ஸ்-5, 2011-ல நிக்கான் 1, கடைசியா 2012-ல கேனன் இஓஎஸ் எம். பாதிக்கு மேல வியூஃபைண்டரே இல்லாத குட்டிப் பொட்டிங்க. சின்ன டிஜிட்டல் காமிரா வெச்சிருந்தவங்களை ஒரு படி மேல இழுக்கிறதுதான் திட்டம்.

ஆனா கண்ணாடியோட அந்த ஃபோகஸ் சென்சாரும் போயிடுச்சே! மிச்சம் இருந்தது ஒரே வழி. லென்ஸை முன்னயும் பின்னயும் ஆட்டி, எங்க படம் தெளிவா இருக்குன்னு தேடணும். ரேடியோவுல ஸ்டேஷன் தேடித் திருகுற மாதிரி. ஸ்டேஷனைத் தாண்டிப் போனாத்தான் தாண்டிட்டோம்னே தெரியும். நிக்கிற ஆளுக்குச் சரி, ஓடுற குழந்தைக்கு ஆகாது. ஸ்டூடியோக்காரங்க அப்போ இதைத் திரும்பிக்கூடப் பார்க்காததுக்கு இதான் காரணம்.

தீர்வு என்னன்னா, படம் எடுக்கிற சென்சார்லயே ஃபோகஸ் பார்க்கிற புள்ளிகளை நடுநடுவே நட்டு வைக்கிறது. 2011-ல நிக்கான் 1 இப்படி வந்துச்சு. 2013-ல கேனன், 70டிங்கிற கண்ணாடி வெச்ச காமிராவுலயே, ஒவ்வொரு பிக்சலையும் ரெண்டா பிளந்து ஒரு முறை கொண்டுவந்தது. 2014-ல சோனி ஏ6000. 24.3 மெகாபிக்சல், 179 ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு 11 படம், பாடி மட்டும் அமெரிக்காவுல சுமார் 650 டாலர். கண்ணாடியோட வேலையை நாங்களே பார்த்துக்கிறோம்னு சாதாரண விலையில ஒரு காமிரா நிமிர்ந்து நின்னது அப்போதான்.

அப்புறம் செல்போன் வந்தது

2010-ல உலகம் பூரா ஏற்றுமதியான டிஜிட்டல் காமிரா சுமார் 12 கோடி. 2023-ல 80 லட்சத்துக்கும் கம்மி. மிரர்லெஸ் யாரை நம்பி ஆரம்பிச்சதோ அந்த ஜனமெல்லாம் போனுக்குப் போயிடுச்சு. 2020-ல மிரர்லெஸ் ஏற்றுமதி டி.எஸ்.எல்.ஆரைத் தாண்டினது உண்மைதான். ஆனா சுருங்கிப்போன சந்தையில ஜெயிச்ச ஜெயம் அது.

அடி விழுந்தது மலிவான மாடல்களுக்கு. சாம்சங் சத்தமில்லாம ஒதுங்கினது. நிக்கான் 1 2018-ல முடிஞ்சது. ஒலிம்பஸ் காமிராப் பிரிவையே வித்துட்டு வெளியே போயிடுச்சு. கேனனோட எம் வரிசை 2023-ல முடிஞ்சது.

இங்கதான் பழைய காமிரா வாங்குறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. முதல்ல சாகிறது பாடி இல்லைங்க, மவுண்ட். லென்ஸ் மாட்டுற வளையத்துலேர்ந்து சென்சார் வரைக்கும் கேனனோட பழைய இ.எஃப். மவுண்ட்ல 44 மில்லிமீட்டர். இப்ப இருக்கிற ஆர்.எஃப்.ல 20. நடுவுல 24 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதால ஒரு அடாப்டர் போட்டா 1987-ல வந்த இ.எஃப். லென்ஸ்கூட இன்னிக்கு வேலை செய்யும். எம் வரிசைக்கு 18 மில்லிமீட்டர். அந்த லென்ஸை ஆர் வரிசைப் பாடியில சும்மா ஒரு வளையம் போட்டு மாட்ட முடியாது. அதனால எம்50 (2018) நல்ல காமிராவா இருந்தும் அதுக்கு வாங்கின லென்ஸ் அதோடயே நின்னுபோகும். சோனியோட இ மவுண்ட் 2010-ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது.

பழசும் புதுசும்

இப்போ நேரா ஒப்பிடுவோம். 2014 ஏ6000, 2023 கேனன் ஆர்50. நடுவுல ஒன்பது வருஷம். மெகாபிக்சல்? 24.3, 24.2. ரெண்டுலயும் படம் 6000-க்கு 4000 புள்ளி. நம்ம ஊர் கல்யாண ஆல்பம் விரிச்சா 36 இஞ்ச் அகலம். முழுப் பக்கத்துக்கு ஒரே படம் போட்டா ரெண்டுலயும் இஞ்சுக்கு 166 புள்ளிதான். நிக்கான் கதையும் இதேதான். 2016 டி500, 2019 இசட்50, 2024 இசட்50-2, மூணுலயும் 20.9 மெகாபிக்சல்.

நம்பிக்கை இல்லாம நண்பர் ஒருத்தரோட ஆர்50-ஐ இரவல் வாங்கி, என்கிட்ட இருக்கிற ஏ6000-ஓட மண்டகப்பட்டுக்கே போனேன். தொல்லியல் துறை இடத்துல ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேணும்ங்கிறதால முழங்காலை மடக்கி உக்காந்து கையிலதான். வெளிய வெயில்ல துவாரபாலகர், உள்ளே இருட்டுத் தூண்கள். ஐ.எஸ்.ஓ. 1600, ரா ஃபைல். வீட்டுக்கு வந்து பெரிய திரையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ஃபைல் பேரை மறைச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியலை.

அப்போ ஒன்பது வருஷமா என்னதான் மாறுச்சு? ஃபோகஸ் 'யாரை'ப் பிடிக்குதுங்கிறது. ஏ6000-ல கண்ணைப் பிடிக்கிற வசதி உண்டு, ஆனா நிக்கிற ஆளுக்கு மட்டும்தான். ஆள் நகர நகரக் கண்ணைத் தொடர்ந்து விரட்டாது. ஆர்50 மனுஷன், மிருகம், வண்டின்னு கத்துக்கிட்டு வந்தது. ஆள் திரும்பினாலும் நடந்தாலும் கண்ணை விடாது. அதோட 4கே வீடியோ, தொடுதிரை, மைக் மாட்ட இடம். ஏ6000-ல இதெல்லாம் இல்லை.

புதுசுலயும் இல்லாதது இருக்கு. ஆர்50-ல கை நடுக்கத்தைத் தாங்குற அமைப்பு பாடிக்குள்ள கிடையாது. ஃப்ளாஷ் மாட்டுற இடத்துல பழைய முனைகளை எடுத்துட்டாங்க, பழைய ஃப்ளாஷுக்குத் தனி அடாப்டர் வாங்கணும். அதே 2023-ல மலிவா வந்த ஆர்100-ல தொடுதிரையே இல்லை, உள்ள இருக்கிறது 2018 எம்50-ல இருந்த அதே தலைமுறை ப்ராசஸர். டப்பாவுல இருக்கிற வருஷம் வேற, உள்ள இருக்கிற வருஷம் வேற மக்களே!

திண்டிவனத்துக் கேள்வி

எங்க சித்தி பையன் திண்டிவனத்துல ஒரு கல்யாண ஸ்டூடியோவுல ரெண்டு வருஷமா உதவியாளா இருக்கான். ஓனர் காமிராவுல எடுத்துப் பழகிட்டான். சொந்தமா ஒண்ணு இருந்தா சின்னச் சின்ன ஆர்டர் தனியா எடுக்கலாம். காசுக்கு வழி சித்தியோட செயின். நகைக்கடன் வைக்கிறதுக்கு முன்னாடி, "நீ சொன்னா சரியா இருக்கும் தம்பி, எது வாங்கலாம்?"னு சித்தி என்கிட்ட கேட்டாங்க. அஞ்சு பவுன் செயினுக்குப் பதில் சொல்றது ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் பதில் சொல்றதைவிட பயங்கரம்.

என் ஏ6000-ஐ சும்மாவே எடுத்துக்கோ, கடன் வேண்டாம், லென்ஸுக்கு மட்டும் சேர்த்து வெச்சுக்கோன்னு அவன்கிட்ட சொன்னேன். ஆல்பம் புள்ளிக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு அவன் சொன்னான்:

"அண்ணா, கெட்டிமேளம் கொட்டும்போது மேடையில பத்து கை அட்சதை போடும். மாப்ள குனிவாரு, பொண்ணு தலையைக் குனிஞ்சிருக்கும், நாத்தனார் குறுக்க வருவாங்க. ஃபோகஸ் அந்தக் கையில போய் உக்காந்துச்சுன்னா, மறுபடி ஒருதடவை கட்டுங்கன்னு சொல்ல முடியுமா?"

அவன் கேட்டதுதான் இந்தப் பதினேழு பதினெட்டு வருஷ வரலாறோட சாரம். கண்ணாடியைக் கழட்டினதுல தொலைஞ்சது அந்த ஒரு நொடி. அதைத் திரும்பப் பிடிக்கிறதுக்குத்தான் இத்தனை வருஷமும் போயிருக்கு. கல்லு எங்கேயும் ஓடாது. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த செஞ்சிக் கோட்டையைப் பழைய காமிராவுல எடுத்தாலும் கோட்டை கோட்டைதான். தாலி கட்டுற நொடி அப்படி இல்லை. அதனால என் பதில் இது: படம் எடுக்கிறது ஆசைக்குன்னா, மவுண்ட் உயிரோட இருக்கிற பழைய மாடலை வாங்கி, மிச்சக் காசை லென்ஸ்ல போடுங்க. சோத்துக்குன்னா, ஓடுற கண்ணை விடாத புதுசு. எம்50 மாதிரி மவுண்ட் செத்ததும், உள்ள பழசு வெளியே புதுசா இருக்கிறதும் ரெண்டு பேருக்குமே வேண்டாம்.

அவன் ஆர்50 வாங்கினான். புது லென்ஸுக்குப் பதிலா ஓனர்கிட்ட சும்மா கிடந்த இ.எஃப். 50 மில்லிமீட்டர் லென்ஸையும் அடாப்டரையும் பழைய விலைக்குப் பேசி எடுத்ததால கடன் கொஞ்சம் குறைஞ்சது. என் ஏ6000 ரெண்டாவது காமிராவா அவன் பையில இருக்கு.

ஒண்ணு மட்டும் உறுத்துது. ஜி1, நெக்ஸ்-3 எல்லாம் முதல் படியா வந்தது. அந்தப் படியை ஒவ்வொண்ணா உருவிட்டாங்க. இப்ப முதல் படியே ஒரு செயின் உசரத்துல இருக்கு. வீட்டுல செயின் இல்லாத பசங்க எந்தப் படியில ஏறுவாங்க? எம்50 மாதிரி செத்த மவுண்ட்லதான் போய் நிப்பாங்க. உங்க அலமாரியில பழைய காமிரா சும்மா கிடந்தா, பக்கத்துல கத்துக்கிற பையன் யாராவது இருக்கானான்னு பாருங்க.

செயின் இன்னும் பேங்க்லதான் இருக்கு. தவணை ரெண்டு கட்டியாச்சு. வர்ற தையில மூணு முகூர்த்தம் புக் ஆகியிருக்காம்.

டிஸ்கி: எந்தக் காமிரா கம்பெனியும் இந்தப் பதிவுக்குக் காசு கொடுக்கலை. கொடுத்தா செயினை மீட்க உதவும் :)