பிரார்த்தனையை அளக்க முயன்றவர்கள்



வீட்டில் ஒருவர் நோயுற்றால் மருந்துப் பொட்டலத்தோடு கோயில் திருநீறும் வந்து சேர்வது நம் வழக்கம். வகுப்பு மாணவன் ஒருவன் டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், சபைகூடலில் அவனுக்காகக் கூட்டு வழிபாடு நடத்துகிறோம். அவ்வேளையில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், நாம் வேண்டிக்கொண்டால் அவனுக்குக் குணமாகிவிடுமா?” என்று கேட்டால், நாம் என்ன மறுமொழி கூறுவது?

இக்கேள்வி புதியதன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் இதற்கு விடை தேடி வந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1871-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் எட்வர்ட் குடற்காய்ச்சலால் மரணத்தின் விளிம்பை எட்டினார். அவருடைய தந்தை ஆல்பர்ட் 1861-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் இறந்தபோது, மருத்துவர்கள் கூறிய காரணமும் அதே காய்ச்சல்தான். நாடெங்கும் தேவாலயங்களில் இளவரசருக்காகப் பிரார்த்தனைகள் நடந்தன. தந்தையின் பத்தாம் ஆண்டு நினைவு நாளையொட்டி அவர் உடல்நிலை தேறத் தொடங்கியது. 1872 பிப்ரவரி 27-ஆம் நாள் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடைபெற்றது.

மக்கள் மகிழ்ந்தனர், அறிவியலாளர் சிலரோ வினா எழுப்பினர். அவரைக் காப்பாற்றியது பிரார்த்தனையா, மருத்துவர்களின் பராமரிப்பா, உடலின் இயல்பான வலிமையா? அவ்வாண்டு ஜூலையில் இயற்பியலாளர் ஜான் டிண்டல் ஒரு கடிதத்தை இதழில் வெளியிடச் செய்தார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. அதை எழுதியவர் அறுவை மருத்துவர் ஹென்றி தாம்சன். ஒரு மருத்துவமனைப் பிரிவில் உள்ள நோயாளிகளுக்காகச் சில ஆண்டுகள் சிறப்பாகப் பிரார்த்திக்க வேண்டும். பின்னர் அப்பிரிவின் இறப்பு விகிதத்தை ஒப்பிட வேண்டும் என்பதே அவரது யோசனை. “கடவுளைச் சோதிப்பதா?” என்று சமயத்தார் சினந்தனர். அந்தச் சோதனை அக்காலத்தில் நடைபெறவே இல்லை.

அடுத்த மாதமே டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் வேறொரு வழியைக் கையாண்டார். மன்னர் குடும்பத்தார் நீடூழி வாழ மக்கள் தேவாலயந்தோறும் வேண்டுகிறார்களே, அவர்கள் உண்மையில் நீண்ட நாள் வாழ்ந்தார்களா என்று கணக்கெடுத்தார். அவர்களின் சராசரி வயது 64.04, மதகுருமார்களுக்கு 69.49, வழக்கறிஞர்களுக்கு 68.14. அதிகம் பேர் யாருக்காகப் பிரார்த்தித்தார்களோ, அவர்களே முந்தி இறந்திருந்தனர்! ஆயினும் அரண்மனை வாழ்க்கையும் மதகுருவின் வாழ்க்கையும் ஒன்றல்ல. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது.

முறையான சோதனைக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை மருத்துவர் ராண்டல்ஃப் பேர்ட் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்காக மட்டும் வெளியிலிருந்து பலர் பிரார்த்தித்தனர். 1988-இல் வெளிவந்த முடிவுகளில் அப்பிரிவினருக்குச் சில சிக்கல்கள் குறைவாக இருந்தன; மருத்துவமனையில் தங்கிய நாள்களில் வேறுபாடு இல்லை. ஆய்வாளர்கள் இது குறித்து நெடுநாள் வாதிட்டனர்.

2006-இல் ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழு மிகப் பெரிய ஆய்வை வெளியிட்டது. ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 பேர் அதில் பங்கேற்றனர். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று அறியாதவர்களுள், பிரார்த்தனை பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. ஆகவே வேறுபாடு இல்லை. வியப்பு யாதெனில், பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்தவர்களுள் 59 விழுக்காட்டினர் சிக்கலுக்கு உள்ளாயினர்! ‘பிறர் பிரார்த்திக்கும் அளவுக்கா என் நிலை மோசம்?’ என்ற அச்சம் காரணமாகலாம் எனச் சிலர் கருதினர், தற்செயலாகவும் இருக்கலாம்.

முன்பின் அறியாதவர் தொலைவிலிருந்து செய்யும் பிரார்த்தனை நோயை மாற்றும் என்பதை இவ்வாய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. நோயாளி தாமே அமைதியாக அமர்ந்து பிரார்த்திப்பது வேறு. ஒரு சொல்லையோ மந்திரத்தையோ மீண்டும் மீண்டும் உச்சரிக்கும்போது மூச்சும் இதயத் துடிப்பும் சீரடைவதை இதே பென்சன் 1970-களிலேயே விளக்கியிருந்தார். அது மனத்துக்கு அமைதி தரும்; ஆனால் கிருமியைக் கொல்லாது.

நம் முன்னோர் பெரியம்மைக்கு அஞ்சி மாரியம்மனை வேண்டினர். கடல் கடந்து வந்தபோதும் அவ்வழிபாட்டைக் கொண்டு வந்தனர். சிங்கப்பூரில் 1827-இலும் கோலாலம்பூரில் 1873-இலும் மாரியம்மன் ஆலயங்கள் தோன்றின. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. அது ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அன்னையின் சந்நிதியில் கூட்டம் குறையவில்லை. ஏன்? பிரார்த்தனை அவர்களுக்கு வெறும் மருந்தாக இருந்ததில்லை. அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளவும் துணையிருப்பதை உணரவும் அவர்கள் அங்குச் சென்றனர்; இன்றும் செல்கின்றனர்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு இவ்வாறு கூறலாம்: “அவனுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் டாக்டரும் தாதியரும். நாம் அவனை மறக்கவில்லை என்பதற்காக வேண்டிக்கொள்கிறோம். வழிபாடு முடிந்ததும் அவனுக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதுவோம்.”

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நேர்ந்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் நேர்த்திக்கடனைப் பின்னரும் செலுத்தலாம். கிளினிக்கிற்கு அன்றே செல்ல வேண்டும். டிங்கி காத்திருக்காது.