செக்றோல் ஏட்டில் உறங்கும் வரலாறு

பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டம் 1940 மே மாதத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அதனைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை உடன்பட நேர்ந்தது. பொலிஸ் தடையை மீறி என்.எம். பெரேரா பதுளையில் பேசினார்.

இவற்றை நாம் அறிவது பெரும்பாலும் இடதுசாரிக் கட்சி வரலாறுகளின் வழியாகவே. சபையில் அமர்ந்தோர் யாவர்? லயத்துப் பெண்கள் ஆற்றிய பங்கு யாது? விடை தேடுவோர் செக்றோலையும், கணக்கப்பிள்ளையின் ஏடுகளையும், சங்கக் கூட்டக் குறிப்புகளையுமே நாட வேண்டும்.

அந்த ஏடுகள் வெறும் காகிதமல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949இன் சட்டம் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டது. சான்று காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். காகிதமின்மையின் விலையை மலையகத்தார் போல் அறிந்தவர் யார்?

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாறுந்தோறும் பழைய ஏடுகளுக்கு ஆபத்தே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது லயங்களே புதைந்தன. மனிதரோடு அவர்தம் நினைவும் மண்ணுள் போயிற்று.

இவற்றைக் காப்பது யார்? பதுளையில் 2005இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் முதன்மை பெற்ற அரச நிறுவனம். நாட்டின் தனியார் உயர்கல்வி நிலையங்களிலும் கணினிக்கும் வணிகத்துக்குமே முதலிடம். வரலாறு வருவாய் தராத பாடம்.

ஆயினும் தமிழகத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் சஞ்சிகைகளும் ஏறத்தாழ 1 இலட்சம். அவர் 1992இல் மறைந்தபின் அச்சேகரிப்பை வாங்கியது சிக்காகோப் பல்கலைக்கழகம். அதுவும் ஒரு தனியார் பல்கலைக்கழகமே. நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ஆய்வாளர் இன்றும் அங்கு செல்கின்றனர்.

நம் தனியார் நிறுவனங்கள் நாளையே வரலாற்றுத் துறை தொடங்க வேண்டுமென்பதில்லை. பதுளையில் ஈரம் புகாத ஓர் அறை, ஏடுகளைப் பேணத் தெரிந்த ஒருவர், படியெடுக்கும் கருவி ஒன்று. கணினி கற்கும் மாணவர் ஏடுகளைப் படியெடுக்கலாம். தோட்டத்து முதியோரின் குரலைப் பதியலாம். கட்டணப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். ஏடும் முதியோரும் இருக்கும்போதே இதைத் தொடங்குதல் வேண்டும். ஆய்வுரைகளைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.