நோய் தீர்த்தலும் நிலம் காத்தலும்: பாலாற்றங்கரையில் ஒரு வரலாற்று நோக்கு

தொண்டை நாட்டை வாழ்வித்து வந்தது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகத் தோன்றினும், அம்மணலின் அடியில் ஊறிய நீரே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கிணறுகளை நிறைத்தது. இப்பகுதி தோல் தொழிலாலும் மருத்துவப் பணியாலும் உலகறிந்தது. ஏழையர்க்குக் கிறித்தவர் ஆற்றிய கடமை, மண்ணுக்கும் நீருக்கும் ஆற்றவேண்டிய கடமையோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட், 1967-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கையை மனிதன் ஆளுதற்குரிய பொருளாக மேலைக் கிறித்தவம் கருதியதே சூழற் கேட்டின் வேர் என்பது அவர் கொள்கை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆளுகையைக் கூறுவது உண்மையே. ஆயின் அடுத்த அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பணியை மனிதனுக்கு அளிக்கின்றது. இவ்விரண்டனுள் எது வாழ்வில் இடம் பெற்றது என்பதை நூலால் மட்டும் அறிதல் இயலாது. செயலாலேயே அறிதல் வேண்டும். அதற்கு வேலூர் தக்கதோர் இடமாம்.

இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியும் நிறுவினார். அதுவே பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1946-இல் அங்கு வந்து சேர்ந்தவர் பால் பிராண்டு. அவர் 1914-இல் கொல்லிமலையில் சமயத்தொண்டர் குடும்பத்தில் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவை முறையால் நிமிர்த்தியமை அவர்தம் பெரும்பணியாகும்.

அப்பணியிடையே அவர் ஒரு புதிய இடர்ப்பாட்டைக் கண்டார். விரல் நிமிர்ந்தவர் ஊர் திரும்பின், செம்மையான கை கண்டு பிச்சையிடுவாரும் இலர். பழைய நோயை நினைந்து வேலை தருவாரும் இலர். எனவே நலம் பெற்றோர்க்குத் தொழில் கற்பிக்க நவஜீவ நிலையம் தோன்றிற்று. கையைச் சீராக்குதல் மருத்துவத்தின் பாதியே. அக்கைக்கு உழைப்பிடம் காட்டுதல் மறுபாதி என்பது இதனாற் புலனாகும்.

உழைப்பிடம் என்பது இந்நாட்டில் பெரும்பாலும் நிலமே. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது, அதற்குக் கிடைத்தது மரமற்ற கல்லாங்குத்து நிலம். அங்குப் பணிபுரிந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிச்சி, மழைநீர் ஓடிப்போகாது தடுத்து நிறுத்தி, மரங்களை நட்டு வளர்த்து, அவ்விடத்தைச் சோலையாக்கினார். பிராண்டு 1985-இல் 'ஒரு பிடி மண்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். இளமையில் வயலில் தவளை பிடித்து விளையாடிய சிறுவரை முதியவர் ஒருவர் தடுத்து, கலங்கி வழிந்தோடும் சேறு வருங்காலத்து உணவன்றோ என உணர்த்திய நிகழ்ச்சியை அதில் நினைவுகூர்ந்தார். நிலவியல்பைத் தமிழ் உழவரிடமே அவர் கற்றார் என்பது கருதத்தக்கது.

இனிப் பாலாற்றின் நிலையை நோக்குவாம். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலத்தில் தோல் தொழில் சிறு அளவினதாய் இருந்தது. 1970-களுக்குப் பின் முழுதும் பதனிட்ட தோல் ஏற்றுமதி ஊக்குவிக்கப்பட, குரோமிய உப்புகள் மிகுதியாகப் புகுந்தன. ஆலைக் கழிவு நீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு ஆகாததாயிற்று என்ற கணக்கீட்டை, 1996 ஆகஸ்டு 28-இல் வந்த தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு உறுதிப்படுத்திற்று. எனினும் 2025 சனவரி 30-இலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றியும் உழவர்க்குரிய இழப்பீடு பற்றியும் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளை நெருங்கியும் அச்சிக்கல் அப்போது தீர்ந்திருக்கவில்லை.

தோல் தொழிலை முற்றும் பழித்தல் நேர்மையாகாது. ஆம்பூரில் செருப்புத் தைக்கும் பெண்டிர் பலர்க்கு அதுவே கூலி. கெட்ட கிணற்றுநீரால் வாழ்விழந்த உழவரும் ஏழையர். ஆலைக்கூலியால் வாழும் தொழிலாளரும் ஏழையரே. ஓர் ஏழையின் சோற்றுக்காக மற்றோர் ஏழையின் கிணறு கெடுதல் அறமாகாது; அதனைத் தவிர்க்கும் செலவு தொழிலின் ஊதியத்தினின்றே வருதல் வேண்டும்.

மருத்துவமனைக்கு வந்த நோயாளியைக் கிறித்தவத் தொண்டர் அன்புடன் ஏற்றனர். அது மறுக்கவொண்ணா வரலாறு. ஆற்றுக்காக நீதிமன்றம் சென்றதோ குடிமக்கள் மன்றம். இவ்விரு செயலும் ஒரே கடமையின் கூறுகள் என்பதற்குக் கரிகிரியே சான்று. நோயாளியை ஏற்ற கை அங்கு மண்ணையும் ஏற்றது. அச்சிறு நிலத்தில் நிகழ்ந்தது ஆறு முழுதும் நிகழும்வரை, ஏழையர்க்கு ஆற்றும் தொண்டு குறைவுடையதே என்று துணிதல் பொருந்தும்.