டிரசரும் உரிமமும்

மருத்துவப் பட்டம் இல்லாதவர் மருந்து கொடுக்கலாமா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2002இல் உளவியலாளர்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கியபோது ஏதோ புதுக் கேள்வி போலத்தான் சண்டை போட்டார்கள். மலேசியாவின் ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களுக்கு அது பழைய கதை. ரப்பர் காலத்திலிருந்தே அங்கு அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரசர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர். லயத்துச் சனங்களுக்கு அவரே டாக்டர் ஐயா. அவர் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: உரிமம் வழங்கும் சட்டங்கள் படிப்பைத்தான் நிறுத்துப் பார்க்கின்றன; நோயாளிக்கு நல்லதும் கெட்டதும் வந்ததோ, மருந்து கொடுப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பொறுத்து.

டிரசரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தும் காட்டை வெட்டியும் மலேரியாவை அடக்கிக் காட்டினார். கோல சிலாங்கூர் போன்ற கடலோரச் சமவெளிக்கு அது பொருந்தும் வழி. மலைத் தோட்டங்களில் காட்டை அழித்தால் வேறு வகைக் கொசு பெருகும் என்பதையும் அவரே கண்டார். கால்வாய் வெட்டக் காசு வேண்டும், கொயினா மலிவு. விடியுமுன் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போதே கொயினாவைக் கையில் கொடுத்து, எதிரிலேயே விழுங்கவைத்தார்கள். கசப்புக்கு அஞ்சி வாயில் அடக்கிவைத்துக்கொண்டு நகர்ந்துபோய்த் துப்பியவர்களும் உண்டு. தொழிலாளியின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று காலனித் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன; தோட்டத்தில் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆனால் டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர், முறைவைத்து வந்துபோனார். நடுவில் வந்த காய்ச்சல், பேதி, பால்வெட்டும் கத்தி கிழித்த காயம் எல்லாம் டிரசரின் கையில்.

விடுதலைக்குப் பின், 1965இல்தான், தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது. தகுதியில்லாதவர்களை விலக்க அது ஒரு வேலி. அந்த அளவில் நல்ல சட்டம். ஆனால் அது தொடாமல் விட்ட முடிச்சு ஒன்று உண்டு. காய்ச்சலோடு வந்த பெண் இன்று பால்வெட்டப் போகலாமா, லயத்தில் படுக்கலாமா என்று முதலில் சொல்பவர் டிரசர். அவருக்குச் சம்பளம் தருவது, அந்தப் பெண் வேலைக்கு வராவிட்டால் நட்டப்படும் அதே தோட்டம். இந்த இக்கட்டில் நேர்மையாக நின்றவர்கள் இருந்தார்கள்தான். அந்த நேர்மை அவரவர் குணத்தால் வந்தது, சட்டத்தால் அல்ல.

டிரசரும் இல்லாவிட்டால் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். நியாயம்தான், அவரை ஒழித்திருந்தால் சாவு கூடியிருக்கும், டாக்டர் கூடியிருக்க மாட்டார். டாக்டர் பட்டம் வரை படித்த உளவியலாளரைத் தோட்டத்து டிரசரோடு ஒப்பிடுவது அநியாயம் என்பது அடுத்த மறுப்பு. படிப்பில் ஒப்பே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நியூ மெக்சிகோ அந்தப் படிப்புக்கு மேலும் 450 மணிநேர வகுப்பு, மருத்துவரின் மேற்பார்வையில் 100 நோயாளிகளோடு 400 மணிநேரப் பயிற்சி, ஒரு தேர்வு, பிறகு இரண்டாண்டு நிபந்தனை உரிமம் என்று கேட்கிறது. இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகத் தெரிவது மணிக்கணக்கு அல்ல, அந்த இரண்டாண்டு. கூலி கொடுப்பவர் அல்லாத ஒருவர், தொழில் தெரிந்தவர், தோள்மேலாக எட்டிப் பார்க்கும் காலம் அது. டிரசருக்கு அப்படி வாய்த்தது எப்போதோ வந்துபோன டாக்டர் மட்டுமே.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் மருத்துவ உளவியலாளரையும் பதிவுப் பட்டியலில் சேர்த்தது. மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை வேண்டுமென்றால் ஜெராம்காரர் மருத்துவ அதிகாரியிடம்தான் போயாக வேண்டும். மனநல மருத்துவர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கும்வரை, உளவியலாளருக்கும் அந்த அதிகாரம் கொடுங்கள் என்ற குரல் இங்கும் எழத்தான் செய்யும். அப்படியொரு மசோதா வந்தால், எத்தனை மணிநேர வகுப்பு என்ற பிரிவைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அவருக்குச் சம்பளம் யார் தருகிறார், தவறினால் யாரிடம் முறையிடுவது என்ற பிரிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1965இல் அதைத் தேடியிருக்க வேண்டியவர்கள் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.