எல்லை ஊர்களில் வீட்டுக்குள் வந்த திரை

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வீட்டைப் புதுக்கிக் கட்டுபவர்கள் படம் பார்க்கவென்றே ஓர் அறை ஒதுக்குவது அண்மைக்கால வழக்கம். அதற்கு முன் ஏறத்தாழ நூறாண்டுகளாகத் திரை இங்கே இடம் மாறிக்கொண்டே வந்தது. நகரத்து அரங்கில் தொடங்கி ஓலைக் கொட்டகைக்கு வந்தது. அங்கிருந்து வீட்டு ஹாலுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கருவி முதலில் வந்தது, இருந்த இடம் அதற்கு வழிவிட்டது. கருவி வருவதற்கு முன்பே சுவரையும் கூரையையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் இப்போதைய புதுமை.

நெய்யாற்றின்கரை தாலுகா பழைய தென்திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆனால் கேளிக்கை விஷயத்தில் அந்தக் கோட்டை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கோடு விழுவதற்கும் சினிமா வருவதற்கும் முன்பே இரு பக்கத்து மக்களையும் இரவு முழுக்க உட்கார வைத்தது வில்லுப்பாட்டு. 1634இல் மதுரைப் படையோடு பொருது மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, தமிழும் மலையாளமும் கலந்த மொழியில், கோயில் கொடைகளில் பாடப்பட்டது. கோயில் முற்றம்தான் அரங்கு. கூரையும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

மலையாளத்தின் முதல் படமும் இந்த நிலத்தோடு தொடர்புடையது. அகஸ்தீஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். அது வெளியான ஆண்டு 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வுகள் 1930 என்கின்றன. கேபிடால் தியேட்டரில் திரையிட்டபோது, தலித் பெண்ணான பி. கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்து கலகம் செய்தது. ஊரைவிட்டு வெளியேறிய ரோசி, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார். டேனியல் கடனில் மூழ்கி, பல் மருத்துவராகத் தமிழ்நாட்டு ஊர்களில் தொழில் செய்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். திரையில் யார் தோன்றலாம் என்ற சண்டையோடுதான் இங்கே சினிமா தொடங்கியது.

இரண்டாவது படமான ‘மார்த்தாண்டவர்மா’ 1933இல் வந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த இப்படத்தின் கதை, சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவல். எதிரிகளுக்குத் தப்பி இளவரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகச் சொல்லப்படும் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. நாவலின் பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தக டிப்போ வழக்குத் தொடுத்ததால் திரையிடல் நின்றது. படச்சுருள் இப்போது புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தில் உள்ளது.

பேசும் படம் வந்த பிறகு எல்லைப் பகுதியின் திரையைத் தமிழ்தான் நிரப்பியது. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் வந்தது. அதைத் தயாரித்ததே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1940களின் இறுதிவரை மலையாளப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த நிலை 1951இல் மாறத் தொடங்கியது. நாகர்கோவில்காரரான பி. சுப்பிரமணியம், நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையில் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவை அமைத்தார். அவருடைய ‘குமாரசம்பவம்’, 1969இல் கேரள அரசின் முதல் சிறந்த பட விருதைப் பெற்றது.

கிராமத்துக்குப் படத்தைக் கொண்டு வந்தது ஓலைக் கொட்டகை. மணல் பரப்பிய தரை, அதன் பின் பெஞ்சு, கடைசியில் நாற்காலி என்று கட்டணத்துக்கேற்ப வரிசை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நின்றது. பொழுது சாய்ந்ததும் கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டு போட்டால், ஆட்டம் தொடங்கப்போகிறது என்று வயலில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் பாதியில் நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அச்சிட்டிருப்பார்கள்.

அக்காலத்து வீட்டில் கூத்துக்கோ படத்துக்கோ இடமே கிடையாது. மரத் தட்டும் பலகையால் அடைத்த நிரையும் கொண்ட ஓட்டு வீட்டில் பூமுகம் விருந்தாளிக்கு; அறப்புரை நெல்லுக்கு. 1970களில் வளைகுடா வேலை இந்த வீட்டை மாற்றியது. வந்த பணத்தில் எழுந்த வார்ப்பு வீடுகளில் பூமுகம் ‘சிட்டவுட்’ ஆயிற்று; அதற்குப் பின்னால் ‘ஹால்’ என்ற புதிய இடம் பிறந்தது. விடுமுறையில் வந்தவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் அங்கேதான் அமர்ந்தது. 1982இல் திருவனந்தபுரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. 1985 ஜனவரி 1 அன்று மலையாள ஒளிபரப்பு தொடங்கியது. ஒரு வீட்டில் டிவி இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹால் தரையும் சன்னலோரமும் அக்கம்பக்கத்தாரால் நிறைந்தன.

அடுத்து வந்தது ‘டெக்’. விசிஆரையும் டிவியையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, நாலு கேசட்டுகளை விடிய விடியப் பார்ப்பது கல்யாண வீட்டின் பகுதியாகவே ஆனது. இந்த இரவுகளில் தமிழும் மலையாளமும் மாறி மாறி ஓடின. 1993இல் சன் டிவியும் ஏசியாநெட்டும் தொடங்கி, கேபிள் வீடு வீடாகப் பரவியதும் கூட்டம் கலைந்தது. அவரவர் ஹாலில் அவரவர் அமர்ந்தனர். இதே காலத்தில் தியேட்டரின் ஒலி மாறியது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியுடனும், 1996இல் ‘கறுப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியுடனும் வந்தன. அந்த ஒலியைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஹால் டிவியின் ஒலி போதவில்லை. டிவிடியோடு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த பெட்டி ‘ஹோம் தியேட்டர்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதை வாங்கியவர்களும் ஹாலின் மூலைகளில்தான் வைத்தார்கள்.

2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடப்பட்டன. ‘பொன்மகள் வந்தாள்’ மே மாதமும் ‘சூஃபியும் சுஜாதயும்’ ஜூலையிலும் நேரே ஓடிடியில் வெளியாயின. புதுப்படத்தை முதல் நாளே வீட்டில் பார்க்கலாம் என்றானதும், அதற்கெனத் தனி அறை தேவை என்ற எண்ணம் வலுத்தது.

அந்த அறையைப் பழைய வீட்டுக்குள் அமைப்பதில் இவ்வட்டாரத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. முதலாவது அளவு. 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரையின் அகலம் 221 சென்டிமீட்டர். அது பார்வையில் 40 பாகை நிரம்ப வேண்டுமானால் இருக்கை சுமார் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். 30 பாகை போதுமென்றால் பதின்மூன்றரை அடி. 10க்கு 12 அடிப் படுக்கையறையில் முதலாவது அளவு அடங்கும், இரண்டாவது அடங்காது. நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறை நல்லதல்ல. 12 அடி இடைவெளியில் நிற்கும் எதிரெதிர்ச் சுவர்கள் 47 ஹெர்ட்ஸ் அளவில் முழக்கத்தைத் தேக்கி வைக்கும். நான்கு பக்கமும் அதே நீளமானால் அந்த ஒரே சுருதி இருமடங்காக அறையை அதிர வைக்கும்.

இரண்டாவது கூரை. மொட்டை மாடிக்கு மேல் ட்ரஸ் அடித்துத் தகடு வேய்வது இங்கே பரவலான வழக்கம். பலரும் அந்த மேல்தளத்தையே தியேட்டராக்க நினைக்கிறார்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழையிலும் தகட்டில் விழும் மழையின் இரைச்சலில் வசனம் கேட்காது. ஜிப்சம் பலகையில் உள்கூரை அமைத்து, இடையில் ராக்வூல் நிரப்பினால்தான் அது அடங்கும். பழைய ஓட்டு வீட்டின் மரத்தட்டு அறைக்கு எதிரொலி குறைவு, ஆனால் ஒலி வெளியே கசியும். வார்ப்பு அறையில் ஒலி உள்ளேயே நிற்கும், ஆனால் எதிரொலிக்கும். முதலாவதற்கு அடைப்பு வேண்டும். இரண்டாவதற்குக் கனத்த திரைச்சீலையும் விரிப்பும் வேண்டும்.

மூன்றாவது வயரிங். ஸ்பீக்கர் கம்பிக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் உரிய குழாய்களைச் சுவர் பூசுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். கேபிளின் முனை நுழையும் அகலம் அவற்றுக்கு இருக்க வேண்டும். பக்க ஸ்பீக்கர்கள் இருக்கையிலிருந்து 110 பாகை அளவில், சற்றே பின்னால் அமைய வேண்டியவை. ஆகவே இருக்கை எங்கே என்பது முடிவாகாமல் குழாய் பதிக்க முடியாது. சன்னலை முழுவதும் அடைத்துவிட்டால் மழைக்கால ஈரத்தில் புரொஜெக்டர் லென்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் போக்குக்கும் வழி விட வேண்டும்.

கடைசியாக வரி. புதிய அறைக்காக வீட்டை நீட்டிக் கட்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கேரளக் கட்டட வரிச் சட்டப்படி 1999 ஏப்ரல் 1க்குப் பின் முடிந்த வீட்டின் பரப்பு 278.7 சதுர மீட்டரை, அதாவது 3000 சதுர அடியை, எட்டினால் ஆண்டுதோறும் கூடுதல் வரி உண்டு. அந்த வரம்பை ஒட்டி நிற்கும் வீடுகளில், புது அறை கட்டுவதைவிட இருக்கும் படுக்கையறை ஒன்றை மாற்றியமைப்பதே சிக்கனம்.